முதல் முறை கப்பிங்: எந்த வகைக்குப் போகலாம்?

ஈரோட்டில் என் அண்ணி தையல் கடை வைத்திருக்கிறார். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்திலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் மெஷினை விட்டு எழுந்திருக்கவே நேரமிருக்காது. குனிந்தே உட்கார்ந்திருந்ததில் வலது தோள்பட்டையிலிருந்து கழுத்து வரை இறுகிப்போய்விட்டது. போன மாதம் போன் செய்தார். "தம்பி, இங்க ரெண்டு இடத்துல கப்பிங் பண்றாங்களாம். ஒரு இடத்துல பம்பு வச்சு இழுக்கிறாங்க, இன்னொரு இடத்துல ரத்தமே எடுக்கிறாங்களாம். நான் எதுக்குப் போகட்டும்?"

கப்பிங் என்பது கப்பைத் தோலில் கவிழ்த்து, உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்து, தோலையும் சதையையும் மேலே இழுக்கும் சிகிச்சை. எந்த இடம் என்று சட்டென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம் அம்மா. அம்மாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க குளோபிடோக்ரெலும் ஆஸ்பிரினும் தினமும் சாப்பிடுகிறார். இரண்டு வருடத்துக்கு முன்பு, முதுகு வலிக்கு நல்லது என்று உறவினர் ஒருவர் அம்மாவை ஓரிடத்துக்கு அழைத்துப் போனார். அங்கே பெயர் கேட்டார்கள், வயது கேட்டார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. பத்து கப் வைத்து இருபது நிமிடம் விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது முதுகு முழுக்கக் கருநீலமாகக் கன்றியிருந்தது, இரண்டு இடத்தில் கொப்புளம். மூன்று வாரம் அம்மாவால் மல்லாந்து படுக்க முடியவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அது நடந்திருக்காது.

அதனால் அண்ணிக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். முதல் முறை போக நினைக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும்.

மசாஜில் கை தசையை அழுத்துகிறது. கப்பிங்கில் தோலும் அதற்குக் கீழே உள்ள சதையும் மேலே இழுக்கப்படுகின்றன. கப்புக்குள் காற்றழுத்தம் குறைவதால் தோல் உள்ளே உப்பிக்கொண்டு வருகிறது. அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது, சூடு ஏறுகிறது, இறுக்கம் விட்ட மாதிரி இருக்கிறது. பலருக்கு அந்த இழுப்பே சுகமாக இருக்கும். சிலருக்குப் பிடிக்காது. இது இரண்டுமே இயல்புதான்.

இதைச் சீனாவிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. சீனத்தில் நீண்ட மரபு இருப்பது உண்மை. ஆனால் நம் பக்கமும் இது பழையதுதான். உடம்பிலிருந்து ரத்தம் எடுப்பதற்கு மாட்டுக் கொம்பு, சுரைக்குடுவை, அட்டை என மூன்று கருவிகளைச் சுசுருத சங்கிதை சொல்கிறது. அந்தக் குடுவைக்குள் விளக்கை எரியவிட்டு உடம்பில் கவிழ்ப்பார்கள். இன்று கண்ணாடிக் கப்பில் தீ காட்டி வைப்பதும் அதே வேலைதான். சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் உறிஞ்சல், குருதி வாங்கல், அட்டை விடல் மூன்றும் தனித்தனியாக இருக்கின்றன. யுனானியில் இதன் பெயர் ஹிஜாமா. உறிஞ்சுவதைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து வந்த சொல் அது. மலேசியாவில் இருக்கும் நம் உறவுகளுக்கு இதே விஷயம் மலாய்ப் பெயரில் பெக்காம் என்று தெரிந்திருக்கும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் வட்ட வட்டமாகத் தெரிந்த அடையாளங்கள்தான் இதை உலகம் முழுக்கப் பேச வைத்தன. அவர் அந்த முறை ஐந்து தங்கம் வாங்கினார். தங்கம் கப்பிங்கால் வந்ததில்லை என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

அந்த வட்ட அடையாளத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிகமாகத் தவறாகச் சொல்லப்படுவது அதுதான். "எவ்வளவு கறுப்பா வருதோ அவ்வளவு நச்சு உள்ளே இருக்கு" என்பார்கள். அப்படி எதுவும் கிடையாது. இழுப்பில் தோலுக்கடியில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் உடைந்து கொஞ்சம் ரத்தம் கசிகிறது. மேசை முனையில் இடித்துக்கொண்டால் கன்றிப்போகிறதே, அதே சங்கதிதான். அதனால்தான் சில நாளில் அது ஊதாவிலிருந்து பச்சை கலந்து, மஞ்சளாகி, மறைந்துபோகிறது. பொதுவாகச் சில நாளிலிருந்து இரண்டு வாரம் வரை இருக்கும். கறுப்பாக வந்தால் இழுப்பு அதிகம், அல்லது நேரம் அதிகம், அல்லது உங்கள் ரத்தக் குழாய்கள் மென்மையானவை என்று பொருள். அம்மாவின் முதுகைப் பார்த்துக்கூட ஒருவர் "நிறைய கழிவு வெளியேறியிருக்கு" என்றார். எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

சரி, வகைகளுக்கு வருவோம்.

பம்பு கப் என்பது மேலே வால்வு வைத்த பிளாஸ்டிக் கப். துப்பாக்கிப் பிடி போன்ற ஒரு கைப் பம்பை வால்வில் மாட்டி இழுப்பார்கள். ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு என்று எண்ணிச் செய்யலாம். வலித்தால் வால்வைத் தூக்கினால் போதும், காற்று உள்ளே போய்க் கப் தானாக விட்டுவிடும். புதியவருக்கு இதன் பெரிய நன்மை இந்தக் கட்டுப்பாடுதான். தோல் எவ்வளவு உப்பியிருக்கிறது, என்ன நிறத்துக்கு மாறுகிறது என்பதும் வெளியே தெரியும். முதல் முறை ஐந்து நிமிடம் போதும், நான்கைந்து கப்புக்கு மேல் வேண்டாம். குறை என்னவென்றால், வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவதற்கு இது வசதியான முறை. அம்மாவுக்கு நடந்தது இதில்தான். கருவி நல்லதுதான், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

சிலிகான் கப் இன்னும் மென்மையானது. கையால் அமுக்கி வைத்தால் ஒட்டிக்கொள்ளும். தோலில் எண்ணெய் தடவி, கப்பை ஒட்டிய நிலையிலேயே தசை ஓடும் வழியில் மெல்ல நகர்த்துவார்கள். மசாஜ் கப்பிங் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ஒரே இடத்தில் நிற்காததால் ஆழமான வட்டம் விழுவது குறைவு. பரவலாகச் சிவந்திருக்கும், அது சீக்கிரம் அடங்கிவிடும். அண்ணியைப் போலக் கழுத்திலிருந்து தோள்பட்டை வரை நீளமாகப் பிடித்திருக்கிறவர்களுக்கு இது பொருத்தம் என்று நினைக்கிறேன். ரவிக்கைக்கு வெளியே அடையாளம் தெரியுமே என்று தயங்கும் பெண்களுக்கும் இதுவே தோது. ஆனால் எலும்பு துருத்திய இடத்திலும் மச்சம், பரு இருக்கும் இடத்திலும் நகர்த்தினால் எரிச்சலாக இருக்கும். அங்கே விலக்கிப் போகச் சொல்லுங்கள்.

தீ காட்டி வைக்கும் கப்பிங் பார்க்க அழகானது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைப் பற்றவைத்து, கண்ணாடிக் கப்புக்குள் ஒரு நொடி காட்டி எடுத்துவிட்டுக் கப்பை முதுகில் கவிழ்ப்பார்கள். உள்ளே இருக்கும் சூடான காற்று ஆறிச் சுருங்கும்போது தோலை இழுக்கிறது. இதமான சூடு சேர்ந்து வருவதால் ரொம்பப் பேருக்குப் பிடிக்கிறது. ஆனால் எவ்வளவு இழுக்கிறது என்பதை எண்ணிச் சொல்ல முடியாது, அது செய்பவரின் கைப்பழக்கத்தில் இருக்கிறது. பஞ்சிலிருந்து ஒரு சொட்டு ஸ்பிரிட் வழிந்தாலும், கப்பின் விளிம்பு சூடேறியிருந்தாலும் தோல் வெந்துவிடும். சர்க்கரை நோயால் கால், முதுகில் உணர்ச்சி மந்தமாகிப்போனவர்களுக்குச் சுடுவதே தெரியாது. அவர்கள் இந்தப் பக்கம் போக வேண்டாம். மற்றவர்களும் முதல் முறைக்கு இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ரத்தம் எடுக்கும் கப்பிங்கைத்தான் இங்கே ஹிஜாமா என்று சொல்கிறேன். அது முழுக்க வேறு விஷயம். மற்ற மூன்றோடும் ஒரே வரிசையில் வைத்து விலைப்பட்டியல் போடுவதே தவறு. முதலில் கப் வைத்துச் சில நிமிடம் இழுப்பார்கள். எடுத்துவிட்டு அந்த இடத்தில் பிளேடால் மேலோட்டமாகச் சின்னச் சின்னக் கீறல் போடுவார்கள். மறுபடியும் கப் வைத்து இழுத்தால் ரத்தம் கப்பில் சேரும். தோலைக் கீறுகிற எந்த வேலையும் சிறு அறுவைதான், அதற்குரிய சுத்தம் இருந்தே ஆக வேண்டும். பிரிக்காத புதுப் பிளேடு, புதுக் கையுறை, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கப், ரத்தம் பட்ட கழிவைப் போடத் தனிப் பை. இதில் ஒன்று தவறினாலும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. போன்றவை பரவ வழி இருக்கிறது. "கப்பை நல்லா கழுவி வச்சிருக்கோம்" என்ற பதில் எனக்குப் போதாது.

இஸ்லாமியர்களுக்கு ஹிஜாமா நபிவழி. பிறை மாதத்தின் 17, 19, 21 ஆகிய நாட்களில் செய்துகொள்வதை விரும்புகிறவர்கள் உண்டு. அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். நம்பிக்கையோடு போகிறவர்களுக்குத்தான் நல்ல மருத்துவர் இன்னும் அதிகமாகத் தேவை. ஆனால் கப்பில் சேர்ந்த ரத்தத்தைக் காட்டி "பாருங்க, கெட்ட ரத்தம்" என்று சொன்னால் நம்பாதீர்கள். தோலின் நுண்குழாயிலும் சிரையிலும் இருந்து வரும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு, அதனால் கருஞ்சிவப்பாக இருக்கிறது. உடம்பை விட்டு வெளியே வந்த ரத்தம் உறையும், அதனால் ஜெல்லி மாதிரி ஆகிறது. ஆரோக்கியமான ஆளின் ரத்தமும் அப்படித்தான் இருக்கும். நம் ஊரில் பெண்களுக்கு ரத்தசோகை ரொம்ப சாதாரணம் என்பதும் இங்கே முக்கியம். ஹீமோகுளோபின் பார்க்காமல் ஒரு பெண்ணிடமிருந்து ரத்தம் எடுப்பதை என்னால் ஏற்கவே முடியாது. அண்ணிக்குப் போன வருடம் 9 தான் இருந்தது. அதனால் அவர் கேட்ட கேள்வியின் ஒரு பாதிக்குப் பதில் உடனே கிடைத்துவிட்டது: ரத்தம் எடுக்கும் இடம் வேண்டாம்.

இனி நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். கப்பிங்கால் கழுத்து வலியும் இடுப்பு வலியும் கொஞ்ச காலத்துக்குக் குறைகிறது என்று சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றில் நிறைய சிறியவை, தரமும் சுமார். மாத்திரை என்றால் சர்க்கரை மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம். கப்பிங்கில் பொய்க் கப் வைத்தால் இழுக்கவில்லை என்பது பெரும்பாலும் படுத்திருப்பவருக்கே தெரிந்துவிடுகிறது. அதனால் எவ்வளவு கப்பால் வந்தது, எவ்வளவு யாரோ அக்கறையாகத் தொட்டதால் வந்தது என்று பிரிப்பது கடினம். எனக்கு இது கப்பிங்கை ஒதுக்கும் காரணமாகப் படவில்லை. தசை இறுக்கத்துக்கு, நிவாரணமாக, அளவோடு என்றால் சரி. சர்க்கரையைக் குணமாக்கும், கிட்னிக் கல்லைக் கரைக்கும், குழந்தை பிறக்க வைக்கும் என்று போர்டு வைத்திருந்தால் படியேற வேண்டாம். பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

கப்பிங்கை மற்ற வழிகளோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வெந்நீர் ஒத்தடத்துக்குச் செலவே இல்லை. ஒரு வாரம் காலை மாலை பதினைந்து நிமிடம் கொடுத்துப் பார்க்காமல் கப்பிங்குக்குப் போவது அவசரம். சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்ற எண்ணெய் நீவல் இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும், அரசு சித்த மருத்துவமனைகளிலும் விசாரிக்கலாம். பிசியோதெரபிதான் நான் மேலே வைக்கும் வழி. கப்பிங் தசையைத் தளர்த்தும், ஆனால் பலப்படுத்தாது. அண்ணியின் தோள் இறுகுவதற்குக் காரணம் தினம் எட்டு மணி நேரம் குனிந்திருப்பது. கப்பிங் முடித்துவிட்டுத் திரும்பப் போய் அதே முக்காலியில் உட்கார்ந்தால் இரண்டு நாளில் பழையபடி ஆகிவிடும். தளர்ந்திருக்கும் அந்த இரண்டு நாளில் தோள்பட்டையைப் பின்னுக்கு இழுக்கும் பயிற்சியும் கழுத்து நீட்டலும் செய்தால்தான் போன காசுக்குப் பலன். முக்காலிக்குப் பதில் முதுகு சாயும் நாற்காலி போட்டு, துணி கண்ணுக்கு நேரே வருகிற மாதிரி உயரத்தைச் சரிசெய்யச் சொன்னேன். அது கப்பிங்கை விட அதிகம் உதவும் என்று நம்புகிறேன்.

கை தூக்கவே முடியவில்லை, பின்னால் கொண்டுபோய்க் கொக்கி மாட்ட முடியவில்லை என்றால் அது உறைந்த தோளாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். மூட்டைச் சுற்றியுள்ள உறையே இறுகிவிடுவதால் மேலே எத்தனை கப் வைத்தாலும் அது அசையாது, மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். அப்புறம், வலி இடது தோள், தாடை, நெஞ்சு என்று பரவி வியர்த்துக் கொட்டினால் அது தசைப் பிடிப்போ வாய்வோ என்று வீட்டில் இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கை கால் மரத்து பலம் குறைவது, இடுப்பு வலியோடு சிறுநீர் அடக்க முடியாமல் போவது, காய்ச்சலோடு வரும் முதுகு வலி, கீழே விழுந்தபின் வந்த வலி, காரணமில்லாமல் எடை குறைவது, இவையும் கப்பிங் சமாச்சாரம் இல்லை.

யாருக்குக் கூடாது? அம்மாவைப் போல ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள் தங்கள் மருத்துவர் சரி என்று சொல்லாமல் போகவே கூடாது. தட்டணுக்கள் குறைந்தவர்கள், டெங்குவிலிருந்து இப்போதுதான் எழுந்தவர்கள், காலில் ரத்தக்கட்டி வந்தவர்கள், காய்ச்சலில் இருப்பவர்கள் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வயிற்றிலும் இடுப்பிலும் வைக்கக் கூடாது. என் கருத்தில் அந்த மாதங்களில் கப்பிங்கே வேண்டாம். சுருள் நரம்பு (வெரிகோஸ் வெயின்), புண், படை, கட்டி இருக்கும் இடத்தில் வைக்கக் கூடாது. சோரியாசிஸ் உள்ளவர்களுக்குத் தோல் அடிபட்ட இடத்தில் புதிதாகத் திட்டு வருவதுண்டு, அதனால் அவர்களும் யோசிக்க வேண்டும்.

யாரிடம் போவது என்பது, எந்த வகை என்பதை விடப் பெரிய கேள்வி. ஹிஜாமா என்றால் பி.யு.எம்.எஸ். படித்துப் பதிவு செய்த யுனானி மருத்துவர் மட்டுமே. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ரத்தம் எடுக்காத உலர் கப்பிங் என்றால் அதில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் அல்லது பி.என்.ஒய்.எஸ். படித்த இயற்கை மருத்துவர். சான்றிதழ் சுவரில் இருந்தால் நின்று படியுங்கள். இரண்டு நாள் வகுப்புக்கும் ஐந்து வருடப் படிப்புக்கும் ஒரே மாதிரிச் சட்டம் போட்டு மாட்டலாம். கப் ஒன்றுக்கு இவ்வளவு என்று வாங்கும் இடங்களும் உண்டு, அங்கே தேவைக்கு மேல் கப் ஏறும் வாய்ப்பு இருக்கிறது. முறை ஒன்றுக்கு இவ்வளவு என்று சொல்லும் இடம் எனக்கு உகந்தது. எல்லாவற்றுக்கும் மேல், படுக்கச் சொல்வதற்கு முன்னால் அவர்கள் உங்களிடம் எத்தனை கேள்வி கேட்கிறார்கள் என்று பாருங்கள். மாத்திரை, பழைய அறுவை, சர்க்கரை, மாதவிடாய், ஒவ்வாமை. கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லி, முகத்தைக் கவனியுங்கள். அலட்சியமாகத் தலையாட்டினால் எழுந்துவிடலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

ஆன்லைனில் ஒரு பெட்டி நிறைய பம்பு கப் வாங்கி வீட்டிலேயே செய்யலாமா என்றும் அண்ணி கேட்டார். தொடையில், கெண்டைக்காலில் லேசாக வைத்துப் பார்ப்பதில் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் கழுத்தும் தோளும் நம் கண்ணுக்குத் தெரியாத இடம். பிள்ளைகளை விட்டு வைக்கச் சொல்லாதீர்கள். கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டும் பெரிய ரத்தக் குழாய்கள் ஓடும் இடம், அங்கே யாரும் வைக்கக் கூடாது.

போகும் நாளில் வெறும் வயிற்றோடு போக வேண்டாம், இரண்டு மணி நேரம் முன்பு இட்லியோ கஞ்சியோ லேசாகச் சாப்பிட்டால் மயக்கம் வராது. வலித்தால் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதில் எந்தப் பயனும் இல்லை, உடனே சொல்லுங்கள். இறுக்கமாக இழுப்பது போல இருக்கலாம், குத்தவோ எரியவோ கூடாது. முடிந்ததும் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். அன்றைக்குக் கொதிக்கும் வெந்நீரும் கடுமையான உடற்பயிற்சியும் வேண்டாம். அடையாளம் மறைவதற்குள் அதே இடத்தில் மறுபடி வைக்கவிடக் கூடாது. கொப்புளம் வந்தால் குத்தி உடைக்காமல் சுத்தமான துணியால் மூடி மருத்துவரிடம் காட்டுங்கள்.

அண்ணி கடைசியில் பக்கத்திலேயே ஒரு பெண் பிசியோதெரபிஸ்டிடம் போயிருக்கிறார். அவர் முதல் நாள் கப்பையே எடுக்கவில்லையாம். கையை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு மூன்று பயிற்சி சொல்லி அனுப்பினார். அடுத்த வாரம்தான் எண்ணெய் தடவி சிலிகான் கப்பை எட்டு நிமிடம் நகர்த்தியிருக்கிறார். வலி எப்படி என்று கேட்டால் நமக்கு நாளுக்கொரு பதில் வரும். அதனால் அண்ணியிடம் ஒரு அளவுகோல் வைத்துக்கொள்ளச் சொன்னேன். கடையில் மேல் தட்டில் இருக்கும் நூல்கண்டு டப்பாவை வலது கையால் முகம் சுளிக்காமல் எடுக்க முடிகிறதா என்பதுதான் அது. இதுவரை இரண்டு முறை கப்பிங் நடந்திருக்கிறது, இப்போது டப்பாவின் விளிம்பு வரை விரல் போகிறது. நான்காவது முறைக்குப் பிறகும் எடுக்க முடியாவிட்டால் கப்பிங்கை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.